பெயர் எழுதிய பெட்டி காலி!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழு நண்பர்கள் மூன்று வாரமாக என்னைத் துரத்தினார்கள். கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். நட்பைப் பற்றி ஏற்கெனவே பதினோரு கவிதைகள் வந்து குவிந்திருப்பதாகத் தகவல் வந்தது. பன்னிரண்டாவதை இந்த மலர் தாங்காது என்பதால், நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். அப்படியே என் கருத்தையும் சொல்லி விடுகிறேன். திட்ட நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும்.

நம் பேரவையின் ரத்ததானப் பட்டியல் 2025 ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காணாமல் போனது உங்களில் பலருக்குத் தெரியும். "வைரஸ் வந்துடுச்சாம்", "கரண்ட் போயி கம்ப்யூட்டர் செத்துடுச்சாம்" என்றெல்லாம் கேன்டீனில் பேசிக் கொண்டார்கள். வைரஸும் வரவில்லை, கரண்டும் போகவில்லை. அதை அழித்தது அடியேன்தான்.

அந்தப் பட்டியலைப் பற்றி முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்கில் ரத்ததானப் பட்டியல் வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் பத்தாம் வகுப்பு முடித்துப் பதினைந்து பதினாறு வயதில் இங்கே வருகிறோம். ரத்தம் கொடுக்கப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே கொடுக்கத் தகுதி வரும்போது நாம் கடைசி வருடத்தில் இருப்போம், அல்லது டி.சி. வாங்கிக் கொண்டு போயிருப்போம். உபயோகமான பெயர்கள் முக்கால்வாசி பழைய மாணவர்களுடையவை. திருப்பூரிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு பார்க்கிற அண்ணன்மாரின் போன் நம்பர்கள். லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும்போது கூப்பிட்டால் வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த நம்பர் போனால் ஆளே போன மாதிரிதான்.

முன்பெல்லாம் இது ஒரு லாங் சைஸ் நோட்டில் இருந்தது. பிறகு எக்செல். எக்செலில் என்ன தகராறு என்றால், 'கடைசியாகக் கொடுத்த தேதி' என்று ஒரே ஒரு கட்டம். புதுத் தேதியைப் போட்டால் பழைய தேதி போய்விடும். 2017-இல் வந்த தேசிய வழிகாட்டு நெறிகளின்படி ஆண்கள் 90 நாட்களுக்கு ஒரு முறையும், பெண்கள் 120 நாட்களுக்கு ஒரு முறையும் ரத்தம் கொடுக்கலாம். யாரோ ஒருவர் தேதியைத் தப்பாக மாற்றி வைத்தால், போன மாதம் கொடுத்தவரையே மறுபடி கூப்பிடுவோம். நடந்திருக்கிறது.

எனவேதான் 2024 பிப்ரவரியில் ஒரு சீனியர் அண்ணனும் நானும் சேர்ந்து இதை ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு மாற்றினோம். எட்கர் காட் என்பவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்தபோது 1970-இல் எழுதிய கட்டுரையில் இருந்து கிளம்பிய சங்கதி இது. நாமெல்லாம் நார்மல் ஃபார்ம் என்று நெட்டுரு போடுகிறோமே, அந்த மனுஷன்தான். எங்களுக்குத் தேவைப்பட்டது ரொம்பச் சின்ன விஷயம்: கொடையாளர்களுக்கு ஒரு டேபிள், ஒவ்வொரு முறை கொடுத்ததற்கும் ஒரு வரியாக இன்னொரு டேபிள். பிறந்த தேதியைப் பதிந்து விட்டால் யாருக்கு எந்த மாதம் பதினெட்டு நிறைகிறது என்பதை ஒரு குவெரியில் எடுத்து விடலாம். 'பிறந்த நாள் வாழ்த்துகள், இனி நீங்களும் கொடுக்கலாம்' என்று பேரவையில் இருந்து சிலருக்கு எஸ்.எம்.எஸ். வந்ததே, அது அந்தக் குவெரியின் வேலைதான்.

டேட்டாபேஸ் சர்வராக போஸ்ட்கிரெஸை எடுத்தோம். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் ஆரம்பித்த ஆராய்ச்சி, 1996-இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று பெயர் மாறி இன்று வரை இலவசம். அதை நேராக இன்ஸ்டால் செய்யாமல் டாக்கர் கன்டெய்னருக்குள் வைத்தோம். இங்கேதான் கதை ஆரம்பம்.

கன்டெய்னர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தூத்துக்குடி ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரியை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே ஜவுளியோ மீனோ, வெளியே எல்லாம் ஒரே அளவுப் பெட்டி. எந்தக் கிரேனும் தூக்கும், எந்தக் கப்பலும் ஏற்றும். 2013-இல் வெளிவந்த டாக்கர், மென்பொருளுக்கு அதே வேலையைச் செய்தது. டேட்டாபேஸ் சர்வர், அதற்கு வேண்டிய லைப்ரரிகள், செட்டிங்குகள் எல்லாவற்றையும் கட்டி 'இமேஜ்' என்று ஒரு அச்சு. அந்த அச்சில் இருந்து வார்த்து எடுத்து ஓட விடுவது கன்டெய்னர். தனியாக ஒரு முழுக் கணிப்பொறியையே பொய்யாக உருவாக்கும் வி.எம். மாதிரி இது இல்லை. லினக்ஸ் கெர்னல் ஒன்றேதான். அதன் மேல் தனி அறை மாதிரி தடுப்புக் கட்டி ஒரு புரோகிராமை ஓட்டுவது. நம் லேப்பில் உள்ள 4 ஜி.பி. மெஷினில் வி.எம். போட்டால் கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். கன்டெய்னர் சில வினாடிகளில் எழுந்து நிற்கும்.

இந்த அறைக்கு ஒரு குணம். கன்டெய்னரை நீக்கினால் அதற்குள் எழுதியதெல்லாம் அதோடு போய்விடும். லாட்ஜ் ரூமைக் காலி பண்ணினால் சுவரில் ஒட்டிய படமும் போகிற மாதிரி. ஆகவே டேட்டாவை மட்டும் வெளியே 'வால்யூம்' என்ற பெட்டியில் வைத்து, அதை உள்ளே உள்ள ஒரு ஃபோல்டரோடு இணைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். இணைக்கவும் இணைத்தோம்! 'ரத்ததானம்' என்று பெட்டிக்குப் பெயரும் வைத்தோம். கட்டளையில் மைனஸ் வி போட்டது நான், பக்கத்தில் உட்கார்ந்து சரி பார்த்தது அண்ணன்.

தப்பு எங்கே என்றால், போஸ்ட்கிரெஸ் 15 இமேஜில் டேட்டா போய் உட்காருகிற இடம் 'வார் – லிப் – போஸ்ட்கிரெஸ்க்யூஎல் – டேட்டா' என்ற ஃபோல்டர். நாங்கள் இணைத்தது அதற்கு ஒரு படி மேலே, 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்' வரைக்கும்தான். கடைசி வார்த்தையை விட்டுவிட்டோம். மேல் ஃபோல்டரை இணைத்தால் கீழ் ஃபோல்டரும் சேர்ந்து வந்துவிடாதா? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அந்த இமேஜைச் செய்தவர்கள் ஒரு முன்ஜாக்கிரதை செய்து வைத்திருக்கிறார்கள். 'டேட்டா' ஃபோல்டருக்கு நாம் பெட்டி கொடுக்காவிட்டால் டாக்கர் தானே ஒரு பெட்டி செய்து மாட்டிவிடும். அதற்குப் பெயர் கிடையாது. பெயருக்குப் பதில் 64 எழுத்துக்கு நீளமாக எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குப்பைத் தொடர் இருக்கும். ஒன்றரை வருஷம் எங்கள் டேட்டா முழுவதும் அந்தப் பெயரில்லாப் பெட்டிக்குள் போய்க் கொண்டிருந்தது. 'ரத்ததானம்' என்று அழகாகப் பெயர் எழுதிய பெட்டி காலியாகக் கிடந்தது. எங்களுக்குத் தெரியாது. எல்லாம் ஒழுங்காக ஓடிக் கொண்டிருந்ததே!

(18-ஆம் பதிப்பு 2025 செப்டம்பரில் வந்தது. அந்த இமேஜில் இந்த ஏற்பாட்டை மாற்றி, மேல் ஃபோல்டரையே இணைக்கச் சொல்கிறார்கள். ஆகவே பழைய நோட்டில் இருந்து காப்பி அடிக்கிறவர்கள் உஷார்.)

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சிவில் நண்பன் ஒருவன் போனைக் கொண்டு வந்து காட்டினான். "மச்சான், உங்க லிஸ்ட் பூரா என் போன்ல தெரியுதுடா" என்றான். எனக்கு அடிவயிறு கலங்கியது. கல்லூரி வைஃபையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் நுழையும்படி போர்ட் திறந்து கிடந்திருக்கிறது. பாஸ்வேர்டோ... வேண்டாம், சொன்னால் சிரிப்பீர்கள். எத்தனை மாணவிகளின் பெயர், போன் நம்பர், பிறந்த தேதி அதில் இருந்தது! நம்பிக் கொடுத்தவர்கள். நண்பன் நல்லவன், வந்து சொன்னான்.

எப்படித் திறந்தது? கட்டளையில் மைனஸ் பி என்று போட்டு 5432-க்கு 5432 என்று எழுதினால், டாக்கர் அந்த மெஷினின் எல்லா நெட்வொர்க் வாசலிலும் போர்ட்டைத் திறந்து வைக்கும். உபுண்டுவின் ஃபயர்வால்தான் போட்டிருக்கிறோமே என்று நான் தெம்பாக இருந்தேன். டாக்கர் தன் விதிகளைத் தானே நேராக எழுதிக் கொள்கிறது. நாம் ஃபயர்வாலில் போட்ட தடை அதற்குக் குறுக்கே வருவதில்லை. முன்னால் 127.0.0.1 என்று சேர்த்து எழுதியிருந்தால் அந்த மெஷினுக்கு உள்ளே மட்டும் திறந்திருக்கும். படிவம் ஓடுவதும் அதே மெஷினில்தான், வெளியே திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

உடனே சரி செய்யக் கிளம்பினேன். ஓடுகிற கன்டெய்னரில் போர்ட்டை மாற்ற முடியாது. நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். பெட்டிதான் வெளியே இருக்கிறதே என்ற தைரியத்தில் நீக்கினேன். புதுக் கட்டளையில் 127.0.0.1 சேர்த்தேன், நல்ல பாஸ்வேர்டாக ஒன்று கொடுத்தேன். கன்டெய்னர் எழுந்தது. புதுப் பாஸ்வேர்டு போட்டு நுழைந்தேன், உள்ளே விட்டது. 'அப்பாடா' என்று வெளியே வந்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் என்னை நானே இன்னும் அடித்துக் கொள்கிறேன். அந்தப் பாஸ்வேர்டு வேலை செய்திருக்கவே கூடாது! கட்டளையில் கொடுக்கிற பாஸ்வேர்டை இந்த இமேஜ் ஒரே ஒரு தடவைதான் பார்க்கும், டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் தடவை. பழைய டேட்டா இருந்தால் பழைய பாஸ்வேர்டுதான் செல்லும், புதிதை உள்ளே போய் எஸ்.க்யூ.எல். கட்டளையால் மாற்ற வேண்டும். ஆக, புதுப் பாஸ்வேர்டு சென்றது என்றாலே 'உள்ளே ஒன்றும் இல்லை, நான் புத்தம் புதுசு' என்று சர்வர் என் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அந்த நிமிஷம் கூட டேட்டா பத்திரமாகத்தான் இருந்தது, பழைய பெயரில்லாப் பெட்டியில். தேடி எடுத்து மாட்டியிருந்தால் பத்து நிமிஷ வேலை.

நான் என்ன செய்தேன்? டிஸ்க் நிறைந்திருக்கிறது என்று மெஷின் புலம்பிக் கொண்டிருந்தது. இருக்கிற வேகத்தில் அதையும் சுத்தம் செய்து விடுவோம் என்று வால்யூம் புரூன் கட்டளையைக் கொடுத்தேன். 'நிச்சயமா?' என்று கேட்டது. ஒய் அடித்தேன். 2023-க்குப் பிந்தைய டாக்கரில் இந்தக் கட்டளை பெயர் வைத்த பெட்டிகளைத் தொடாது. எந்தக் கன்டெய்னரும் பயன்படுத்தாத, பெயரில்லாத பெட்டிகளை மட்டும் அழிக்கும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு! காலிப் பெட்டியைப் பத்திரமாக வைத்துவிட்டு, நானூறு பேரின் விவரம் இருந்த பெட்டியை அழித்தது. எத்தனை இடம் மிச்சமாயிற்று என்றும் கடைசி வரியில் காட்டியது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் ஒப்புக் கொள்கிறேன்.

பிறகு படிவத்தைத் திறந்தபோது, அப்படி ஒரு டேபிளே இல்லை என்று வந்தது.

"பேக்கப் இருக்குமேடா?" என்று அண்ணன் போனில் கேட்டார். இருந்தது. தினமும் இரவு இரண்டு மணிக்கு கிரானில் ஒரு வேலை போட்டு வைத்திருந்தோம். தேதி வாரியாக ஐந்நூறுக்கும் மேற்பட்ட கோப்புகள், பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. ஒவ்வொன்றும் பூஜ்ஜியம் பைட்! கையால் அடித்துப் பார்க்கும்போது வேலை செய்த கட்டளையை அப்படியே கிரானில் போட்டிருந்தோம். அதில் மைனஸ் டி என்று ஒரு எழுத்து, எதிரே டெர்மினல் வேண்டும் என்று அர்த்தம். நடு ராத்திரி கிரானுக்கு எதிரே டெர்மினல் ஏது? கட்டளை பிழை சொல்லி நின்றுவிட்டது, அதற்கு முன்பே ஷெல் காலிக் கோப்பைத் திறந்து வைத்துவிட்டது. ஒன்றரை வருஷம் யாரும் ஒரு கோப்பைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. நானும்தான்.

கேரம் போர்டுக்கு அடியில் கிடந்த பழைய லாங் சைஸ் நோட்டு எங்களைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும், பாதியாவது. 2024 பிப்ரவரி வரை அதில் இருந்தது. விடுதி நண்பர்கள் நாலு பேர் மூன்று இரவு உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் போனது போனதுதான்.

பதினோராம் நாள் ராத்திரி போன் வந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவம், பி நெகட்டிவ் இரண்டு யூனிட் வேண்டும். அழிந்த பட்டியலில் பி நெகட்டிவ் மூன்று பேர் இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எண்கள்தான் இல்லை. நோட்டில் ஒரே ஒருவர், அவர் நம்பர் உபயோகத்தில் இல்லை. அந்த இரவில் நான் வாங்கிய பேச்சை எழுத மாட்டேன். கடைசியில் நம் லேப் அண்ணன்தான் யோசித்து, "மெக்கானிக்கல்ல போன வருஷம் முடிச்சான் பாரு தம்பி, பைக்குல பி நெகட்டிவ்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டுத் திரிவானே" என்றார். அந்த ஸ்டிக்கரைப் பார்த்து நாங்கள் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்! அவனுடைய சித்தப்பா மகன் மூலமாக நம்பர் பிடித்து, நாற்பது கிலோமீட்டர் பைக்கில் வந்து சேர்ந்தபோது மணி நாலு. இன்னொரு யூனிட்டை அவர்களே வெளியூர் ரத்த வங்கியில் இருந்து வரவழைத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். அதனால்தான் இதை இப்போது இவ்வளவு சாவகாசமாக எழுத முடிகிறது.

இனி என் கருத்து.

நடந்ததைக் கேள்விப்பட்ட ஒரு மூத்த ஆசிரியர், "இந்த டாக்கர் கீக்கர் எல்லாம் லேப்ல வேண்டாம்ப்பா. நேரா இன்ஸ்டால் பண்ணுங்க, நாங்க அப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்றார். எங்கள் மேல் உள்ள அக்கறையில் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதையும் மறுக்க மாட்டேன். விண்டோஸில் போஸ்ட்கிரெஸை நேராக நிறுவும்போது, டேட்டாவை எந்த ஃபோல்டரில் வைக்கட்டும், போர்ட் எண் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று ஒவ்வொரு பக்கமாக அது நம்மைக் கேட்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தினாலும் கண்ணிலாவது படும். டாக்கர் பாஸ்வேர்டைத் தவிர மற்றதைக் கேட்காது. நாம்தான் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது பாட்டுக்குத் தன் இஷ்டத்துக்கு ஒன்று செய்து கொள்ளும்.

ஆனாலும் தடை செய்ய வேண்டும் என்பதை நான் ஒப்பவில்லை. நேராக இன்ஸ்டால் செய்த காலத்தின் லட்சணத்தையும் பார்த்தவன்தானே நான். முப்பது மெஷின், மூன்று விதமான மைஎஸ்க்யூஎல் பதிப்பு. ஒன்றில் ரூட் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. இன்னொன்றில் எக்ஸாம்ப் 3306-ஐப் பிடித்து வைத்திருக்கும், மற்றது எழாது. அன்இன்ஸ்டால் செய்தாலும் பழைய ஃபோல்டர் ஒட்டிக் கொண்டிருக்கும். பதினேழாம் நம்பர் மெஷினில் மட்டும் ஓடுகிற பிராஜெக்டை வைத்துக் கொண்டு, எக்ஸ்டர்னல் வருகிற அன்று அந்த மெஷினுக்காக அடித்துக் கொண்டவர்களை நான் அறிவேன். முக்கியமாக, ஒரே சர்வரில் முப்பது பேர் என்பதால் சர்வரைத் தொடவே விட மாட்டார்கள். செலக்ட் ஸ்டார் எழுதலாம், ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் வரையலாம், அவ்வளவுதான். மூன்று வருஷம் டேட்டாபேஸ் படித்தவன் ஒரு சர்வரைத் தானே எழுப்பியதும் இல்லை, அணைத்ததும் இல்லை!

கன்டெய்னர் வந்த பிறகு ஆளுக்கு ஒரு சர்வர் கொடுக்க முடியும். ஒரே மெஷினில் இருவர் என்றால் இடது பக்கப் போர்ட் எண்ணை மட்டும் ஒருவருக்கு 5433, இன்னொருவருக்கு 5434 என்று மாற்றினால் போதும், வலது பக்கம் இருவருக்கும் 5432. கெடுத்தால் கெடட்டும், நீக்கிவிட்டு மறுபடி எழுப்பட்டும். கெடுத்துப் பார்க்காமல் இந்த வேலை வராது என்பது என் அனுபவம். அதைப் பேரவைப் பட்டியலில் கெடுத்துப் பார்த்தேன் என்பதுதான் கொடுமை. லேப்பில், என் சொந்த உதவாக்கரை டேபிளில் இதே தப்பை முதல் வருஷமே செய்திருந்தால், அந்த ராத்திரி அப்படிப் போயிருக்காது.

ஆகவே நான் கேட்பது தடைக்கு நேர் எதிரானது. பிராக்டிகல் தேர்வில் இதையே ஒரு கேள்வியாக வையுங்கள். மாணவன் சர்வரை எழுப்பி, ஒரு டேபிளில் பத்து வரி போடட்டும். பிறகு எக்ஸ்டர்னல் முன்னாலேயே கன்டெய்னரை நீக்கட்டும். மறுபடி எழுப்பி அந்தப் பத்து வரியைக் காட்டட்டும். காட்டினால் மார்க். மூன்றாம் நார்மல் ஃபார்முக்குப் பத்து மார்க் கொடுக்கிறோம். 'உன் டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது?' என்று வைவாவில் இதுவரை யாரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

நண்பர்கள் சிலர் வேறு மாதிரி சொல்கிறார்கள்: "எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுடுடா, தொல்லை விட்டது." யோசித்தேன். மாதாமாதம் யார் காசு கட்டுவது? பேரவைச் செயலாளர் வருஷா வருஷம் மாறுவார். அவருடைய சொந்த ஈமெயிலில் தொடங்கிய கணக்கு, அவர் போனதும் என்ன ஆகும்? மாணவிகளின் நம்பரை எங்கோ வைத்துவிட்டு அந்தக் கணக்கின் பாஸ்வேர்டைத் தொலைப்பதை விட, நம் மெஷினிலேயே ஒழுங்காக வைத்திருக்கலாம். இது என் அபிப்பிராயம், மாறலாம்.

தேர்தலுக்கு நிற்பவர்களிடமும் ஒன்று கேட்டு வையுங்கள். பஸ் பாஸ், கேன்டீன் டீ விலை எல்லாம் கேட்கத்தான் வேண்டும். கூடவே, 'பட்டியலின் பேக்கப்பைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?' என்றும் கேளுங்கள்.

இப்போது என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். கட்டளையை யாரும் நினைவில் வைத்து அடிப்பதில்லை. கம்போஸ் கோப்பு ஒன்றில் எழுதி, அதை அச்செடுத்து லேப் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். பதிப்பு எண்ணை 'லேட்டஸ்ட்' என்று விடாமல் எண்ணாகவே எழுதியிருக்கிறோம். ஒரு பெரிய பதிப்பு எழுதிய டேட்டா ஃபோல்டரை அடுத்த பெரிய பதிப்பு திறக்காது, லேட்டஸ்ட் என்று விட்டால் ஒரு நாள் காலையில் சர்வர் எழாமல் நிற்கும். பாஸ்வேர்டு அந்தத் தாளில் இல்லை, தனிக் கோப்பில் இருக்கிறது. நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றினோம். கன்டெய்னருக்குள் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுவதால், விடியற்காலை மூன்று மணிக்குக் கொடுத்த ரத்தம் முந்தின நாள் கணக்கில் விழுந்து கொண்டிருந்தது. பெட்டி சரியான இடத்தில் மாட்டியிருக்கிறதா என்று இன்ஸ்பெக்ட் கட்டளையில் பார்த்து, ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பேக்கப் கோப்பு ஒரு கே.பி.க்குக் குறைந்தால் செயலாளருக்கு எஸ்.எம்.எஸ். போகும். அதன் நகல் ஒன்று ஆபீஸ் மெஷினில் இருக்கிறது.

பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் கன்டெய்னரை நீக்கி, தாளைப் பார்த்து மறுபடி எழுப்புகிறார். பேக்கப்பை வேறொரு கன்டெய்னரில் ஏற்றி, இரண்டிலும் வரிகளை எண்ணிப் பார்க்கிறோம். முதல் தடவை நீக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. லேப் அண்ணன் பக்கத்தில் நின்று, "அடி தம்பி, நோட்டு என் பீரோலதான் இருக்கு" என்றார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2024 பிப்ரவரிக்கும் 2025 ஜூலைக்கும் இடையில் பெயர் கொடுத்தவர்கள் மறுபடி ஒரு முறை பேரவை அறைக்கு வந்து பெயர், பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, போன் நம்பர் எழுதிக் கொடுங்கள். படித்து முடித்துப் போன அண்ணன், அக்காமார்கள் யாருடைய நம்பராவது உங்களிடம் இருந்தால், அவர்களைக் கேட்டுக் கொண்டு பதியுங்கள். பி நெகட்டிவ் இன்னும் இரண்டு பேர் கிடைக்கவில்லை. தினமும் மாலை நாலரை முதல் ஆறு வரை அறை திறந்திருக்கும், பெரும்பாலும் நானே இருப்பேன்.